கியூவில் நிற்க முடியாத பிள்ளைக்கு ஒரு பாஸ்!

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆர்லண்டோ என்று ஓர் ஊர். அதன் அருகே, சுமார் 100 சதுர கிலோ மீட்டர் பரப்பில், ஒரு கேளிக்கை நகரமே இருக்கிறது. அதன் பெயர் "வால்ட் டிஸ்னி வேர்ல்டு".

"மிக்கி மவுஸ்" என்ற எலியைப் படைத்த வால்ட் டிஸ்னி, கலிபோர்னியா மாநிலத்தில் 1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி "டிஸ்னிலேண்டு" பூங்காவைத் திறந்தார். அதைவிடப் பெரிதாக ஒன்றை புளோரிடாவில் கட்டத் திட்டம் போட்டார். ஆனால் அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1966-ம் ஆண்டு இறந்து போனார். 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி அது திறக்கப்பட்டது. இப்போது அங்கே 4 பெரிய பூங்காக்கள் உள்ளன.

பறக்கும் யானையில் ஏறலாம். சுரங்க ரெயிலில் மலையைச் சுற்றி ஓடலாம். பாய்மரக் கப்பலில் அமர்ந்து லண்டன் நகரத்தின் மேல் பறக்கலாம். குழந்தைகளுக்குச் சொர்க்கம்!

ஆனால் போய் வந்தவர்களைக் கேட்டால், யானையைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு வேறு ஒன்றைச் சொல்லுவார்கள். அதுதான் கியூ!

கப்பல் பறப்பது 3 நிமிடம். அதில் ஏறுவதற்கு 1 மணி நேரம், கூட்டமான நாளில் அதற்கு மேலும், நிற்க வேண்டும். ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் "இப்போது நின்றால் 70 நிமிடம் ஆகும்", "45 நிமிடம் ஆகும்" என்று பலகை இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து, எதில் நிற்பது என்று கணக்குப் போடுவதிலேயே பாதி நாள் போய் விடும்.

இத்தனைக்கும் இலவசம் அல்ல. கூட்ட நாட்களில் ஒருவருக்கு ஒரு நாள் டிக்கெட் 200 டாலரைத் தொடுகிறது. நம் பணத்தில் 17 ஆயிரம் ரூபாய்க்கு மேல்!

பணம் உள்ளவர்களுக்கு மட்டும் குறுக்கு வழி உண்டு. 1999-ம் ஆண்டு முதல் பல ஆண்டுகள், முன்கூட்டி நேரம் குறித்துக் கொண்டு விரைவாக உள்ளே போகும் வசதி இலவசமாக இருந்தது. 2021-ம் ஆண்டு அக்டோபரில் அதைக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். அந்தத் தனி வழிக்கு "லைட்னிங் லேன்" என்று பெயர். அதாவது மின்னல் பாதை.

திருப்பதிக்குப் போய் வந்த பெங்களூரு தமிழர்களுக்கும், மும்பைத் தமிழர்களுக்கும் இதை விளக்க வேண்டியது இல்லை. அங்கே இலவச தரிசனத்துக்கு ஒரு கியூ. 300 ரூபாய் டிக்கெட்டுக்கு ஒரு கியூ. 65 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி நேரம். டிஸ்னி பூங்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

அந்த மூன்றாவது வகையினருக்காக டிஸ்னி கொடுக்கும் பாஸ், 10 ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவில் பெரிய தகராறாக இருந்து வருகிறது. வழக்குகள் நடந்து இருக்கின்றன. தாய்மார்கள் கண்ணீர் விட்டு இருக்கிறார்கள்.

யாருக்கு இந்த பாஸ்?

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது தவறு.

அமெரிக்காவில் 1990-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அதன் பிறகு புதிதாகக் கட்டிய கியூ பாதைகள், சக்கர நாற்காலி போகிற அளவுக்கு அகலமாக அமைக்கப்பட்டன. சில ராட்டினங்களில் நாற்காலியோடு அப்படியே ஏறிக் கொள்ளலாம். படகு சவாரியில் அதற்கு என்றே தனிப் படகு இருக்கிறது. ஆகவே சக்கர நாற்காலிக்காரரும் மற்றவர்களோடு சேர்ந்து அதே கியூவில் போகலாம் என்பது டிஸ்னியின் வாதம்.

கியூவில் நிற்கவே முடியாதவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கை, கால், கண் எல்லாம் நன்றாக இருக்கும். "ஆட்டிசம்" உள்ள பிள்ளைகள் இந்த வகை.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் ஏற்படும் ஒரு மாறுபாடு. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்று போல இருக்காது. சிலர் நன்றாகப் பேசுவார்கள். சிலர் பேசவே மாட்டார்கள். கூட்டம், சத்தம், பளிச்சிடும் விளக்கு, தெரியாதவர் கை படுவது, இவற்றை எல்லாம் பலரால் தாங்க முடியாது. "இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொன்னால், கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று பிடிபடாது. முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள், இரண்டு பக்கமும் கம்பி. அதற்குள் 70 நிமிடம் நிறுத்தினால் பிள்ளை அலறும். தரையில் விழுந்து புரளும். தன் தலையில் தானே அடித்துக் கொள்ளும்.

பக்கத்தில் நிற்பவர்கள் என்ன சொல்லுவார்கள்? "பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பார்!" என்பார்கள். இது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இந்தப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டதுதான் "டிசபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்" என்ற பாஸ். சுருக்கமாக "டாஸ்" என்கிறார்கள்.

வீடியோவில் பேட்டி

இந்த பாசை வைத்துக் கொண்டு ஒரு நாள் எப்படிப் போகும்?

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம். அப்பா ஒரு கம்பெனியில் கிளார்க். அம்மா, 11 வயது மகள், 8 வயது மகன். மகனுக்கு ஆட்டிசம். 2 ஆண்டுகள் சீட்டுப் பிடித்தது போல் பணம் சேர்த்து, புளோரிடாவுக்குக் கிளம்புகிறார்கள்.

அவர்களுக்கு அந்த நாள், கிளம்புவதற்கு முன்பே தொடங்கி விடுகிறது. டிஸ்னி ஊழியர் ஒருவருடன் வீடியோவில் பேச வேண்டும். பையனும் திரையில் தெரிய வேண்டும். டாக்டர் சான்றிதழ் கேட்பது இல்லை. பிள்ளை கியூவில் நின்றால் என்ன ஆகும் என்றுதான் கேட்கிறார்கள்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் பெற்ற தாயின் நிலையை யோசித்துப் பாருங்கள். மற்ற நாட்களில் எல்லாம் "என் மகன் இதைச் செய்வான், அதைச் செய்வான்" என்று பிள்ளையின் திறமைகளை எடுத்துச் சொல்லிப் பழகியவள். இங்கே அவனால் முடியாதவற்றை எல்லாம், அவன் காது கேட்க, ஒரு அன்னியரிடம் வரிசையாகச் சொல்ல வேண்டும். எப்போது அலறினான், எங்கே விழுந்தான், யாரைக் கடித்தான். எவ்வளவு மோசமாகச் சொல்லுகிறாளோ அவ்வளவுக்குப் பாஸ் நிச்சயம்! குறைத்துச் சொன்னால் பாஸ் இல்லை.

தேவைப்பட்டால், டிஸ்னி நியமித்து இருக்கும் ஒரு மருத்துவ நிறுவனத்தின் ஊழியரும் பேட்டியில் கலந்து கொள்ளுவார். பொய் சொல்லிப் பாஸ் வாங்கியது தெரிந்தால், பூங்காவுக்குள் நிரந்தரமாக நுழைய முடியாது.

பேட்டி முடிந்தது. பாஸ் கிடைத்து விட்டது. பையனோடு சேர்த்து பொதுவாக 4 பேர் வரை அதில் போகலாம். 4 பேருக்கு மேல் உள்ள குடும்பம் என்றால், நெருங்கிய குடும்பத்தினருக்கு மட்டும் சலுகை உண்டு. பாட்டியையும் அத்தை மகனையும் அழைத்து வந்தால் சிக்கல்தான்.

காத்திருக்க வேண்டும், ஆனால் கியூவில் அல்ல

காலை 10 மணி. கப்பல் பறக்கும் ராட்டினத்தின் பலகை 70 நிமிடம் என்று காட்டுகிறது. அப்பா செல்போனை எடுக்கிறார். டாசில் அந்த ராட்டினத்தைக் குறிக்கிறார். ஏறத்தாழ 11 மணிக்குப் பிறகு வரலாம் என்று நேரம் வருகிறது.

கவனிக்க வேண்டியது இதுதான். இந்த பாஸ் உடனே உள்ளே விடுவது இல்லை. கியூவில் நிற்கிற மற்றவர்கள் எவ்வளவு நேரம் காத்து இருக்கிறார்களோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் இந்தக் குடும்பமும் காத்து இருக்க வேண்டும். எங்கே காத்து இருப்பது என்பதுதான் வித்தியாசம். கம்பிகளுக்கு நடுவே நிற்காமல், நிழலில் உட்காரலாம். பொரி உருண்டை மாதிரி எதையாவது வாங்கிக் கொடுக்கலாம். பூங்காவைச் சுற்றி ஓடும் நீராவி ரெயிலைக் காட்டலாம்.

குறித்த நேரம் வந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ராட்டினத்துக்குத்தான் இடம் பிடிக்க முடியும். அதை முடித்த பிறகே அடுத்தது.

11 மணி ஆகிறது. மின்னல் பாதையின் வாசலுக்கு வருகிறார்கள். பையனின் சீட்டைத் தட்டியதும் பச்சை விளக்கு. உள்ளே மேலும் சில நிமிடங்கள் நிற்க வேண்டும். பையன் காதில் பெரிய ஒலித்தடுப்பான் மாட்டி இருக்கிறான். கையில் அவனுக்குப் பழக்கமான ஒரு கயிறு. அதை முறுக்கிக் கொண்டே நிற்கிறான்.

பக்கத்துப் பொதுக் கியூவில் இருந்து ஒருவர் இவர்களை முறைக்கிறார். பையன் நன்றாகத்தானே இருக்கிறான், இவர்களுக்கு எதற்குத் தனி வழி என்று அவர் கண் கேட்கிறது. அம்மா பார்க்காதது போல நின்று கொள்ளுகிறாள். அவளுக்கு இது பழகி விட்டது.

கப்பல் பறக்கிறது. கீழே லண்டன் விளக்குகள். பையன் கையைத் தட்டுகிறான். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்குத்தான் 2 ஆண்டுச் சேமிப்பு!

இறங்கியதும் "மறுபடி" என்கிறான். அவனுக்கு அந்தக் கப்பல்தான் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அப்பா மறுபடி செல்போனை எடுக்கிறார். இப்போது 80 நிமிடம். பையனுக்கு 80 நிமிடம் என்பது புரியாது. கப்பல் கண் முன்னே இருக்கிறது. ஏன் ஏறக் கூடாது? வாசலிலேயே உட்கார்ந்து அலற ஆரம்பிக்கிறான். அப்பா, அம்மா இருவரும் சேர்ந்து தூக்கிக் கொண்டு, கூட்டம் இல்லாத ஒரு மூலைக்குப் போக அரை மணி நேரம் ஆகிறது. பூங்காவில் முதல் உதவி நிலையம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் அமைதியாக உட்காரக் கூடிய இடங்களைக் கேட்டால் ஊழியர்கள் சொல்லுகிறார்கள்.

அக்கா பாடு

அந்த 11 வயது அக்காவை யாரும் நினைப்பது இல்லை.

அவளுக்குச் சுரங்க ரெயிலில் போக ஆசை. தம்பி அதைக் கண்டாலே பயப்படுகிறான். பாஸ் தம்பியுடையது. தம்பி ஏறாத ராட்டினத்துக்கு அந்த பாஸ் செல்லாது! ஆகவே அப்பாவும் மகளும் எல்லோரையும் போலப் பொதுக் கியூவில் நிற்கிறார்கள். அம்மா தம்பியோடு வெளியே இருக்கிறாள்.

ஆனால் இதற்கும் ஒரு வழி செய்து வைத்து இருக்கிறார்கள். குழந்தையைப் பார்த்துக் கொள்ள ஒருவர் வெளியே நிற்க வேண்டி இருந்தால், முதலில் ஒருவர் போய் வந்த பிறகு, இரண்டாவது ஆள் மறுபடி கியூவில் நிற்காமல் போகலாம். கூட ஒருவரை அழைத்துச் செல்லலாம். அப்பா ஒரு மணி நேரம் நின்று ஏறி வந்தார். அடுத்து அம்மா போகும்போது மகளையும் அழைத்துக் கொண்டு போனாள். மகள் இரண்டு தடவை சுரங்க ரெயிலில் போய் விட்டாள்! தம்பிக்காக எத்தனையோ பிறந்த நாள் விழாக்களைப் பாதியில் விட்டு வந்த பெண் அவள். அவளுக்கும் ஒரு கணக்கு நேரானது.

சாப்பாட்டுக் கடையில் இந்த பாஸ் செல்லாது. கழிவறையில் செல்லாது. ஓட்டலுக்குத் திரும்பும் பஸ்சுக்கும் செல்லாது. இரவு 9 மணிக்குக் கோட்டைக்கு மேல் வாண வேடிக்கை. மற்றவர்கள் எல்லோரும் அதற்காகத்தான் காத்து இருக்கிறார்கள். இந்தக் குடும்பம் அந்தச் சத்தம் ஆரம்பிப்பதற்கு முன்பே வெளியேறி விடுகிறது. நாள் முழுவதும் பையன் ஏறியது 4 ராட்டினம். அதில் 3 தடவை அதே கப்பல்.

வாடகைக்கு மாற்றுத்திறனாளி!

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? அதற்குக் காரணம் ஒரு வெட்கக்கேடான சம்பவம்.

முன்பு "கெஸ்ட் அசிஸ்டன்ஸ் கார்டு" என்று ஒரு அட்டை இருந்தது. அதைக் காட்டினால் பல ராட்டினங்களில் வேறு வாசல் வழியாக விட்டு விடுவார்கள். நேரம் குறித்துத் திரும்பி வருகிற வேலை கிடையாது. கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கேள்வி இல்லாமல் கொடுத்தார்கள். மாற்றுத்திறனாளியை "நிரூபி" என்று கேட்பது மரியாதை அல்ல என்று நினைத்தார்கள். நல்ல எண்ணம்தான்.

2013-ம் ஆண்டு மே மாதம் "நியூயார்க் போஸ்ட்" பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. நியூயார்க் நகரத்துப் பணக்காரத் தாய்மார்கள் சிலர், மாற்றுத்திறனாளி ஒருவரை வாடகைக்கு அமர்த்திக் கொண்டு டிஸ்னிக்குப் போகிறார்கள். அவரைக் குடும்பத்தில் ஒருவர் போல் காட்டி, அந்த அட்டையில் எல்லோரும் கியூவைத் தாண்டிப் போய் விடுகிறார்கள். வாடகை, மணிக்கு 130 டாலர். 8 மணி நேரத்துக்கு 1,040 டாலர். அன்றைய மதிப்பில் 55 ஆயிரம் ரூபாய்க்கு மேல்!

நாடே கொதித்தது. பணக்காரர்கள் மட்டும் அல்ல. சும்மா கால் வலி என்று சொல்லி அட்டை வாங்கியவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். அட்டை வைத்து இருப்பவர்கள் பூங்காவுக்கு வருகிறவர்களில் சிறு பகுதிதான், ஆனால் பிரபலமான ராட்டினங்களில் அவர்கள் ஏறுகிற தடவை அளவுக்கு மீறி இருக்கிறது என்று டிஸ்னி பின்னர் நீதிமன்றத்தில் கூறியது.

2013-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி அந்தப் பழைய அட்டை ஒழிந்தது. நேரம் குறித்துத் திரும்பி வருகிற இந்த "டாஸ்" பாஸ் வந்தது. ஏமாற்றியவர்களுக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை. அவர்கள் வேறு வழி பார்த்துக் கொண்டார்கள். காசு கொடுத்தால் மின்னல் பாதை இருக்கவே இருக்கிறது. நட்டப்பட்டது, காத்திருத்தல் என்றால் என்ன என்றே புரியாத பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான்.

நீதிமன்றத்தில்...

2014-ம் ஆண்டு ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் பல சேர்ந்து வழக்குப் போட்டன. கியூவில் நிற்க வேண்டாம், ஆனால் ஒரு மணி நேரம் கழித்து வா என்பதும் எங்கள் பிள்ளைகளுக்கு முடியாத காரியம்தான் என்றார்கள்.

அதில் ஒரு இளைஞர் பூங்காவுக்குள் நுழைந்தால் ராட்டினங்களை ஒரே வரிசைப்படிதான் சுற்றுவார். ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போக முடியாது. "இதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அது" என்றால் நிலை குலைந்து விடுவார். நினைத்தபோது உள்ளே போகிற மாதிரி 10 அனுமதிச் சீட்டாவது வேண்டும் என்று அவருடைய தாய் கேட்டார்.

கீழ் நீதிமன்றம் முதலில் டிஸ்னி பக்கம். 2018-ம் ஆண்டு மேல் நீதிமன்றம் "சரியாக விசாரியுங்கள்" என்று திருப்பி அனுப்பியது. 2020-ம் ஆண்டு மறுபடி டிஸ்னிக்கே வெற்றி. 10 சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தால் பழைய கதையே திரும்பும் என்ற வாதம் எடுபட்டது. 2022-ம் ஆண்டு மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்து விட்டது.

இறுகிய கதவு

பிரச்சினை அதோடு முடியவில்லை. இலவசமாக இருந்த விரைவு வழி 2021-ல் விற்பனைக்கு வந்ததும், டாஸ் பாசுக்குத் திடீர் மவுசு வந்து விட்டது. காரணம் எளிது. பக்கத்து ஆள் காசு கொடுத்து வாங்குவது, பாஸ் இருந்தால் சும்மா கிடைக்கிறது. கேட்பவர்கள் பெருகினார்கள்.

டிஸ்னி 2024-ம் ஆண்டு கதவை இறுக்கியது. புளோரிடாவில் மே 20-ந் தேதியும், கலிபோர்னியாவில் ஜூன் 18-ந் தேதியும் புதிய விதி வந்தது. ஆட்டிசம் போன்ற மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும், அதை ஒத்த நிலையில் உள்ளவர்களுக்கும் மட்டுமே இனி டாஸ். புளோரிடாவில் வீடியோ பேட்டி கட்டாயம் ஆனது இப்போதுதான்.

மற்றவர்கள் கதி? குடல் நோயால் அடிக்கடி கழிவறைக்கு ஓட வேண்டியவர் இருக்கிறார். வெயிலில் நின்றால் மயங்கி விழும் நரம்புக் கோளாறு உள்ளவர் இருக்கிறார். புற்று நோய்க்குச் சிகிச்சை எடுத்துக் கொண்டு இருப்பவர் இருக்கிறார். இவர்களில் பலர் முன்பு இந்த பாசில் போய் வந்தவர்கள். இப்போது "கியூவில் நில்லுங்கள், அவசரம் என்றால் ஊழியரிடம் சொல்லி வெளியே போய் விட்டு வந்து சேர்ந்து கொள்ளலாம்" என்கிறார்கள்.

நெரிசலான கியூவில் பின்னால் இருந்து முண்டிக் கொண்டு முன்னே போய்ச் சேர்ந்து கொள்வது எத்தனை சங்கடம் என்பதை ஒரு தடவையாவது மின்சார ரெயில் கவுண்ட்டரில் நின்றவர்கள் அறிவார்கள். வயிற்று நோயாளி, முன்னால் நிற்கும் 50 பேரிடமும் தன் வயிற்றைப் பற்றிச் சொல்லிக் கொண்டா போக முடியும்?

2025-ம் ஆண்டு பிப்ரவரியில் கலிபோர்னியாவில் இதை எதிர்த்து ஒரு வழக்குத் தொடரப்பட்டது. ஒரு வகை மாற்றுத்திறனாளிக்குக் கொடுத்து, இன்னொரு வகைக்கு மறுப்பது சட்டப்படி செல்லுமா என்பதே அதில் எழுப்பப்பட்ட கேள்வி.

டிஸ்னி பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லோருக்கும் கொடுத்தால் மின்னல் பாதையே இன்னொரு நீண்ட கியூ ஆகி விடும். அப்போது ஆட்டிசம் உள்ள பிள்ளைதான் மறுபடி அலறும். ஆனால் அந்தப் பாதையில் இடத்தைக் காசுக்கு விற்றுக் கொண்டே, நோயாளிக்கு இடம் இல்லை என்று சொல்லுவதுதான் கசக்கிறது.

நம் ஊர் அட்டை

நம் நாட்டில் மாற்றுத்திறனாளி அட்டையின் கணக்கு வேறு. இங்கே டாக்டர்கள் பார்த்து, ஊனம் எத்தனை சதவீதம் என்று போடுகிறார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முக்கியமான சலுகைகளுக்குத் தகுதி. கியூவில் நிற்க முடியுமா என்று யாரும் கேட்பது இல்லை.

1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை ஊனங்கள்தான் இருந்தன. அதில் ஆட்டிசம் கிடையாது. 2016-ம் ஆண்டு வந்த புதிய சட்டத்தில் 21 வகை. ஆட்டிசமும் சேர்ந்தது. வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். அந்தச் சட்டப்படி கொடுக்கப்படும் ஊனச் சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும். தமிழ்நாட்டில் வாங்கியதை "இது வேறு மாநிலத்துச் சான்று" என்று சொல்லித் தள்ள முடியாது. மாநில அரசுகள் தங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாகக் கொடுக்கும் பஸ் பாஸ் போன்றவற்றுக்கு மட்டும், அந்த ஊரில் குடி இருப்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள்.

பாஸ் கேட்காத பூங்கா

அமெரிக்காவிலேயே இன்னொரு பூங்கா இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்ற ஊரில். பெயர், "மார்கன்ஸ் வொண்டர்லேண்டு".

கார்டன் ஹார்ட்மன் என்பவர் வீடு கட்டி விற்கும் தொழில் செய்து வந்தவர். அவருடைய மகள் மார்கன் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவள். ஒரு தடவை விடுமுறைக்குப் போன இடத்தில், ஓட்டலின் நீச்சல் குளத்தில் வேறு பிள்ளைகள் விளையாடிக் கொண்டு இருந்தார்கள். மார்கன் அவர்களோடு சேர்ந்து விளையாடப் போனாள். அந்தப் பிள்ளைகள் குளத்தை விட்டு ஏறிப் போய் விட்டார்கள். தகப்பன் அதைப் பார்த்துக் கொண்டு நின்றார்.

அந்த மனிதர் அதற்கு முன்பே தொழிலை விற்று, அறப்பணிக்கு என்று ஒரு அமைப்பு ஏற்படுத்தி இருந்தார். ஊர் திரும்பியதும் விசாரித்தார். தன் மகளைப் போன்றவர்களும் மற்றவர்களும் ஒன்றாகப் போய் விளையாடக் கூடிய பூங்கா எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. தாமே கட்டுவது என்று முடிவு செய்தார். டாக்டர்கள், பெற்றோர்கள், ஆசிரியர்கள் எல்லோரையும் கூப்பிட்டு யோசனை கேட்டார். 2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், கைவிடப்பட்ட ஒரு கல் குவாரி இருந்த இடத்தில், 25 ஏக்கரில் பூங்கா திறக்கப்பட்டது.

மாற்றுத்திறனாளிக்கு அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. சக்கர நாற்காலியோடு ஏறி ஆடுகிற ஊஞ்சல் இருக்கிறது. குடை ராட்டினத்தில் குதிரை மேலும் கீழும் போகும்போது, சக்கர நாற்காலி நிற்கிற தேரும் கூடவே மேலும் கீழும் போகிறது. ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் மாற்றுத்திறனாளிகள். வருமானத்தில் நடக்கவில்லை. நட்டத்தை நன்கொடைகள் ஈடு கட்டுகின்றன.

2017-ம் ஆண்டு ஜூன் மாதம் பக்கத்திலேயே ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவும் திறந்தார்கள். அங்கே ஒரு சிக்கல் வந்தது. நடக்க முடியாத பலர் பேட்டரி நாற்காலியில் வருகிறவர்கள். பேட்டரி தண்ணீரில் நனைந்தால் போச்சு! அதற்காக பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் உதவியோடு ஒரு புது நாற்காலி செய்தார்கள். அதில் பேட்டரி கிடையாது. இறுக்கி அடைத்த காற்றில் ஓடுகிறது. பூங்காவிலேயே இரவல் கொடுக்கிறார்கள். நாற்காலியோடு தண்ணீருக்குள் போகலாம், நனையலாம், சுற்றி வரலாம். காற்றுத் தீர்ந்து விட்டால் மறுபடி அடைக்க 10 நிமிடம் ஆகும்.